காட்டெருமை வேட்டைக்கு 1874 ஷார்ப்ஸ் துப்பாக்கி: ஒரு மதிப்பீடு

தெற்கு டகோட்டா புல்வெளியில், பண்ணை உரிமையாளரின் அனுமதியோடு அமெரிக்கக் காட்டெருமை வேட்டைக்கு நான் எடுத்துச் சென்ற இந்த ஷார்ப்ஸ், 1874 மாதிரி அமெரிக்கத் துப்பாக்கிக்கு இத்தாலியில் செய்த மறுவடிவமே என்றாலும், கையில் எடுத்ததுமே நம்பிக்கை தருகிறது. நெம்புகோலைக் கீழே இழுத்தால் குழாயின் பின்வாயை மூடும் அடைப்புக்கட்டை இறங்கி, 70 கிரெயின் (ஒரு கிரெயின் சுமார் 0.065 கிராம்) கருமருந்தும் 405 கிரெயின் ஈயக்குண்டும் கொண்ட 45-70 தோட்டாவுக்கு வழி திறக்கிறது. இதற்கு இரண்டு விசைகள்; பின்விசையை முதலில் இழுத்து வைத்தால், முன்விசை விரல் பட்டதுமே விடுபடுகிறது. எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இதுதான்.

குண்டு வேகம் குறைந்து வளைந்தே செல்வதால், தூரம் கணிக்கத் தெரியாதவர்கள் நூறு கெஜத்துக்கு அப்பால் சுடாதிருப்பதே விலங்குக்குச் செய்யும் நியாயம். சுட்டதும் எழும் வெண்புகை இலக்கை மறைத்துவிடும். கருமருந்தின் கசடு ஈரத்தை இழுத்துக் குழாயைத் துருப்பிடிக்க வைக்கும் என்பதால், அன்றிரவே வெந்நீரால் கழுவித் துடைத்து எண்ணெய் பூசியாக வேண்டும்.