பழைய சீ.ஆர்.வி.யைக் கராஜில் விடுவோர் கவனத்திற்கு

2002 முதல் 2006 வரை வந்த ஹொண்டா சீ.ஆர்.வி.யில் நான்கு சில்லும் இழுக்கும் வகையை வைத்திருப்போர் யாழ்ப்பாணத்தில் இன்னும் பலர் இருப்பதால் இந்த எச்சரிக்கையை எழுதுகிறேன். நகரை அண்டிய ஒரு கராஜில் வழமையான சேவிஸுக்கு விட்ட என்னுடைய 2004ஆம் ஆண்டு வாகனத்தின் பின் டிஃபரன்ஷியலில் (பின் சில்லுகளுக்கு இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் பற்சக்கரப் பெட்டி) பொருந்தாத ஒயிலை ஊற்றியதோடு, அந்த எஞ்சினில் செய்யவே முடியாத ஒரு வேலைக்கும் அங்கே பணம் கேட்டார்கள்.

முதலில் பணத்தின் கதை. வாகனத்தை எடுக்கப் போனபோது தந்த பற்றுச்சீட்டில், டைமிங் பெல்ட் மாற்றியதற்குக் கூலியுடன் 45,000 ரூபாய் என்று ஒரு வரி இருந்தது. எஞ்சினின் வால்வுகளை உரிய நேரத்தில் திறந்து மூடவைக்கும் பெல்ட் அது. முதல் தலைமுறை சீ.ஆர்.வி.யின் பி20பி எஞ்சினில் டைமிங் பெல்ட் உண்டு. என்னுடைய வாகனத்தில் உள்ள கே20ஏ எஞ்சினில் இருப்பது சங்கிலி. பழைய பெல்ட்டைக் காட்டும்படி கேட்டேன். அங்கே வேலை செய்யும் பெடியன் உள்ளே போய், விளிம்பில் வெடிப்பு விழுந்த பெல்ட் ஒன்றைக் கொண்டுவந்து, "இதுதான் ஐயா உங்கட பழசு" என்று கையில் தந்தான். எஞ்சினுக்கு வெளியே ஓடும் பெல்ட்டில் கோடுகள் நீளவாட்டில் இருக்கும். இதிலோ பற்கள் குறுக்காக இருந்தன. வேறு யாருடைய காரிலோ கழற்றிய டைமிங் பெல்ட் அது. முதலாளியிடம் சொன்னதும், பில்லை மாறி எழுதிவிட்டார்கள் என்று கூறி அந்த வரியை வெட்டினார். மாறி எழுதியது உண்மையென்றால் பெல்ட் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். அதற்கு அவர் பதில் சொல்லவில்லை.

பின் டிஃபரன்ஷியலில் செய்த வேலை இதைவிடப் பாரதூரமானது. வீட்டு ஒழுங்கையில் ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்துத் திருப்பும்போதெல்லாம் பின்பக்கத்திலிருந்து ஓர் உறுமலும், இருக்கை வரை ஏறும் நடுக்கமும் வரத் தொடங்கின. சேவிஸுக்கு முன்னர் அந்தச் சத்தம் இருந்ததில்லை. ஹொண்டா வாகனங்களில் நீண்ட காலம் வேலை செய்த வேறொரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அவர் நிரப்பும் துளையின் மூடியைக் கழற்றி, விரலை விட்டு எடுத்து மணந்து பார்த்தார். தடித்து ஒழுகிய அந்த ஒயிலில் கந்தக நெடி தூக்கலாக இருந்தது. "இது லொறிக்கு விடுற கியர் ஒயில் அண்ணை" என்றார்.

இந்த வாகனத்தின் பின் டிஃபரன்ஷியலுக்குள் இரண்டு எண்ணெய்ப் பம்புகள் உள்ளன. ஒன்றை முன்னிருந்து வரும் நீள்தண்டும் மற்றையதைப் பின் சில்லுகளும் சுற்றுகின்றன. இரண்டும் ஒரே வேகத்தில் சுற்றும்வரை அழுத்தம் எழுவதில்லை. முன் சில்லுகள் மணலிலோ சேற்றிலோ வழுக்கி வேகம் கூடும்போது எழும் அழுத்தம் கிளச் தட்டுகளை நெருக்கி, இழுவையைப் பின்னுக்கும் கொடுக்கிறது. அழுத்தத்தைக் கடத்துவதும், தட்டுகளை நனைப்பதும், பற்சக்கரங்களைக் காப்பதும் அதே ஒயில்தான் என்பதால், இதற்கென்றே 'டுவல் பம்ப் ஃபுளூயிட்' என்ற தனி ஒயிலை ஹொண்டா குறிப்பிட்டிருக்கிறது. சாதாரண கியர் ஒயிலை விட்டால் தட்டுகள் சீராக வழுக்காமல் பிடித்துப் பிடித்து விடுகின்றன. ஒடித்துத் திருப்பும்போதும் முன் சில்லுகள் பின்னவற்றைவிட வேகமாகச் சுற்றுவதால், நான் கேட்ட உறுமல் அதுவே. அப்படியே ஓடவிட்டால் தட்டுகள் கெட்டு, டிஃபரன்ஷியலையே மாற்ற நேரிடும். இத்தனைக்கும் தேவைப்படுவது ஏறக்குறைய ஒரு லீற்றர் மட்டுமே.

அந்த மெக்கானிக் சரியான ஒயிலை விட்டு, வெறும் வளவில் வட்டமாக ஓடச் செய்து, மறுபடியும் அதை வடித்துப் புதிதாக நிரப்பிய பின் சத்தம் நின்றது. இரண்டு தடவை ஒயில் வாங்கிய செலவு என் தலையில் விழுந்தது. முதல் கராஜ் முதலாளி, "எல்லா டிஃபுக்கும் ஒரே ஒயில்தான்" என்று இன்றைக்கும் சாதிக்கிறார். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025இல் மீண்டும் திறக்கப்படும்வரை பழைய வாகனங்களையே பேணி ஓட வேண்டியிருந்த சனங்களிடம் இப்படி நடந்துகொள்வதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

ஆகவே, வாகனத்தை ஒப்படைக்கும்போது எந்த ஒயிலை விடப்போகிறார்கள் என்று கேட்டு, முத்திரை உடைக்காத கானை உங்கள் கண்முன்னே திறக்கச் சொல்லுங்கள். வடிக்கும் மூடிக்கு முன்னர் நிரப்பும் மூடியைக் கழற்றவும் சொல்லுங்கள். கடற்காற்றில் துருவேறி அது அசையாவிட்டால், ஒயிலை வடித்த பின் நிரப்ப வழியிருக்காது. இரண்டு ரயர்களை மட்டும் புதிதாகப் போடலாம் என்று அங்கே சொன்னதையும் நான் ஏற்கவில்லை. முன்பின் ரயர்களின் சுற்றளவு வேறுபட்டால் பம்புகள் தார் வீதியிலும் ஓயாமல் அழுத்தம் எழுப்பிக்கொண்டிருக்கும்.

கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுக்க வேண்டும் என்று 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் சொல்கிறது. வெட்டிய வரியோடு கூடிய அந்தச் சீட்டை இணைத்து அதிகாரசபைக்கு முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். கராஜின் பெயரை இங்கே எழுதாததற்கும் அதுவே காரணம். சேவிஸுக்குப் பிறகு உங்கள் சீ.ஆர்.வி.யும் திருப்பத்தில் உறுமுகிறதென்றால், மேலும் ஓடாமல் பின் ஒயிலைத் திறந்து பார்க்கச் செய்யுங்கள்.