ஸெனோடோ: என் தப்பையும் பத்திரமாக வைத்திருக்கிறது

நெல் வேரை மெல்லியதாகச் சீவி, கான்ஃபோகல் மைக்ரோஸ்கோப்பில் எடுத்து, டிஃப் என்ற தரம் குறையாத கோப்பு வடிவில் சேமித்த 340 படங்கள். ஆய்விதழுக்குக் கட்டுரையை அனுப்பியதும் மதிப்பீட்டாளர் கேட்ட முதல் கேள்வி, மூலப் படங்கள் எங்கே என்பதுதான். எங்கே இருக்கும்? என் மேஜை இழுப்பறையில், ஒரு ஹார்ட் டிஸ்கில். முந்தைய கட்டுரையில் ஏதோ ஒரு பகிர்வு இணைப்பைக் கொடுத்திருந்தேன். கணக்கு காலாவதியானதும் அதுவும் போயிற்று.

இந்த முறை ஸெனோடோ, ஆய்வுக் கோப்புகளைப் பொதுவில் வைக்கும் இணையக் களஞ்சியம். ஜெனீவாவில் இருக்கும் செர்ன் ஆய்வுக்கூடம் 2013 முதல் நடத்துகிறது, காசு கிடையாது. ஒரு பதிவுக்கு 50 ஜிபி, 100 கோப்புகள் வரை. அதனால் 340ஐயும் செடிவாரியாக ஆறு ஜிப்பாகக் கட்டினேன். டிஓஐ எண்ணை, அதாவது பதிவுக்கான நிரந்தர இணைய அடையாளத்தை, முன்கூட்டியே ஒதுக்கி வாங்கிக் கட்டுரையில் எழுதிவிடலாம். கோப்புகளை அப்புறம் நிதானமாக வெளியிட்டால் போதும்.

எனக்குப் பிடித்தது, ஒவ்வொரு கோப்பின் பெயருக்கும் கீழே பொடி எழுத்தில் வரும் எம்டி5 வரி, கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட கைரேகை மாதிரி. எண்ணும் எழுத்துமாக 32. இறக்கியவர் தன் கணினியிலும் அதே கணக்கைப் போட்டு, வரி பொருந்துகிறதா என்று பார்க்கலாம். சோதனைக்கு ஒரு படத்தில் ஒரே ஒரு பிக்சலை மாற்றினேன். கண்ணுக்கு வித்தியாசமே தெரியவில்லை. வரியோ அடையாளம் தெரியாமல் மாறிவிட்டது.

நான்கு மாதம் கழித்துத்தான் கவனித்தேன்: மூன்றாவது ஜிப்பில், விளக்கக்காட்சி ஸ்லைடுக்காக நான் வெளிச்சம் கூட்டிய ஏழு படங்கள் கலந்திருந்தன. ஓசைப்படாமல் மாற்றிவிடலாம் என்று போனால், வழியில்லை. தலைப்பையும் விளக்கத்தையும் திருத்தலாம். கோப்பை மாற்ற வேண்டுமென்றால் புதிய பதிப்புதான். இப்போது பதிப்பு 2 மேலே நிற்கிறது, பதிப்பு 1 தன் டிஓஐயோடு கீழே நின்று என்னைக் காட்டிக்கொடுக்கிறது. முதலில் வெட்கமாக இருந்தது. ஆனால் அடுத்தவர் படங்களை நான் நம்பி இறக்குவதும் இதே காரணத்தால்தானே!

படம் சொல்வது சரியா என்று இங்கே யாரும் சோதிப்பதில்லை, அது வேறு விஷயம். உயிரியல் படங்களுக்கென்றே ஒரு களஞ்சியம் வேண்டுமானால், இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜுக்குப் பக்கத்திலிருந்து நடக்கும் பயோஇமேஜ் ஆர்க்கைவ் இருக்கிறது. மாதிரி எது, எப்படி எடுத்தீர்கள் என்று துருவித் துருவிக் கேட்பார்கள். கேட்கட்டும்.

எதில் ஏற்றினாலும் சரி, ஜேபெக்காக மாற்றி ஏற்றாதீர்கள். ஒரு பிக்சல் எத்தனை மைக்ரான் என்பதைத் தனியாக ஒரு உரைக்கோப்பில் எழுதி உடன் வையுங்கள். நான் அதை எழுதியது பதிப்பு 2இல்தான்.