போனைத் தொட்டால்தான் மெயில் வரும்: தண்டர்பேர்டும் என் போனின் பேட்டரி சேவரும்

சார்ஜிங் போர்ட் மாற்றக் கொடுத்த போன், எல்லாம் துடைக்கப்பட்டுப் புதிதாகத் திரும்பி வந்தது. படங்களும் தொடர்பு எண்களும் தானாக வந்து சேர்ந்துவிட்டன. மெயிலைத்தான் உட்கார்ந்து அமைக்க வேண்டியிருந்தது. ஆண்ட்ராய்டில் நான் நெடுநாளாக வைத்திருப்பது தண்டர்பேர்டு என்ற மெயில் செயலி. அதற்கு முன் கே-9 மெயில். பெயர் இரண்டானாலும் உள்ளே சரக்கு ஒன்றுதான். 2008-லிருந்து இருக்கும் திறமூலச் செயலியான கே-9, 2022-ல் தண்டர்பேர்டு குடும்பத்தோடு சேர்ந்தது. 2024 அக்டோபர் கடைசியில் ஆண்ட்ராய்டுக்கான தண்டர்பேர்டு என்று புதுப் பெயரிலும் வந்தது. மறுபடி முதலிலிருந்து அமைத்ததில், இத்தனை நாள் பல்லைக் கடித்துப் பொறுத்துவந்த ஒரு எரிச்சல் திரும்பவும் கிளம்பிவிட்டது. அதைக் கொட்டத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்லும் மனநிலை இருக்காது. கணக்கு அமைப்புகளை ஒரு கோப்பாக எடுத்து வைத்துக்கொள்ளும் வசதி இதில் இருக்கிறது. ரிப்பேருக்குக் கொடுக்கும் முன் அதை எடுத்து வைத்திருந்தேன். அந்தக் கோப்பைத் திரும்ப ஏற்றியதும் கணக்குகள், சர்வர் பெயர்கள், சர்வரில் எந்த வாசலில் நுழைவது என்று சொல்லும் போர்ட் எண்கள், கையெழுத்து வரிகள், எந்த ஃபோல்டருக்கு நோட்டிபிகேஷன் வேண்டும் என்பது வரை அப்படியே வந்து உட்கார்ந்தன. பாஸ்வேர்ட் மட்டும் அந்தக் கோப்பில் இருக்காது. அதுதான் சரி, கோப்பு யார் கையிலாவது சிக்கினாலும் கணக்கு பறிபோகாது. கணினியிலும் தண்டர்பேர்டு வைத்திருப்பவர்களுக்கு இதைவிடச் சுலபம்: கணினித் திரையில் வரும் கியூஆர் கோடை போனில் ஸ்கேன் செய்தால் கணக்குகள் இந்தப் பக்கம் வந்துவிடும்.

கோப்பு இல்லாமல் கையால் அமைப்பதும் பெரிய வித்தை இல்லை. மெயிலைச் சர்வரிலேயே வைத்துப் படிக்கும் முறையான ஐமேப் என்றால் போர்ட் எண் 993, அனுப்புவதற்கு 465 அல்லது 587. மெயிலை அந்தந்தக் கருவியில் இறக்கிக்கொள்ளும் பழைய முறையான பாப் 3-ஐத் தேர்ந்தெடுக்காதீர்கள். போனில் படித்த மெயில் கணினியில் படிக்காததாகவே நிற்கும், ஒரு இடத்தில் அழித்தது இன்னொரு இடத்தில் இருக்கும். சிங்க் என்ற பேச்சே அதில் கிடையாது. பாஸ்வேர்ட் விஷயத்தில் மட்டும் பழைய வழிகாட்டிகளை நம்ப வேண்டாம். 'பாதுகாப்பு குறைந்த செயலிகளை அனுமதி' என்று ஒரு ஸ்விட்ச் இருப்பதாக அவற்றில் எழுதியிருக்கும். தனிநபர் ஜிமெயில் கணக்குகளுக்கு, வழக்கமான பாஸ்வேர்டை மட்டும் கொடுத்து நுழையும் அந்தக் கதவு 2022 மே மாதத்தோடு மூடியாகிவிட்டது. அவுட்லுக் டாட் காம் 2024 செப்டம்பரில் மூடியது. இப்போது செயலியிலிருந்து நேராக அவர்களுடைய லாகின் பக்கத்துக்குப் போய் அனுமதி கொடுத்துவிட்டு வர வேண்டும். அந்த வசதி இல்லாத பழைய செயலி என்றால், ஜிமெயிலுக்கு அந்தச் செயலிக்கென்றே தனியாக 16 எழுத்து ஆப் பாஸ்வேர்ட் ஒன்றை உருவாக்கிப் போடலாம். ஆனால் முக்கியப் பாஸ்வேர்டை மாற்றினால் ஆப் பாஸ்வேர்டும் செல்லாமல் போய்விடும். திடீரென்று ஒரு நாள் சிங்க் நின்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

சரி, அமைத்தாகிவிட்டது. பச்சை டிக் வந்துவிட்டது. சோதனை மெயில் அனுப்பிப் பார்த்தால் உடனே வருகிறது. எல்லோரும் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

மேசையில் கிடக்கும் போன் காலை முழுக்க வாயே திறக்காது. மணி பார்க்கலாம் என்று எடுத்தால், திரை ஒளிர்ந்த மறு நொடி டிங், டிங், டிங் என்று வரிசையாக மெயில். உள்ளே போய் ஒவ்வொன்றின் நேரத்தையும் பாருங்கள்: 10.12, 10.20, 10.47. நோட்டிபிகேஷன் வந்ததோ 11.35-க்கு. வாத்தியார் தலை தெரிந்ததும் புத்தகத்தை விரிக்கிற பையன் மாதிரி, நாம் பார்க்கும்போது மட்டும் போன் வேலை செய்கிறது. இதில் கொடுமை, கோளாறு இருப்பதே நமக்குத் தெரியாது. பார்க்கிற நேரமெல்லாம் மெயில் வந்துகொண்டுதானே இருக்கிறது! யாராவது கூப்பிட்டு, "அனுப்பி ஒரு மணி நேரம் ஆச்சே, இன்னும் பார்க்கலையா?" என்று கேட்டால்தான் விஷயம் வெளியே வரும். கணினியில் ஏதோ ஒரு தளத்தில் லாகின் செய்துவிட்டு, மெயிலில் வரும் சரிபார்ப்பு எண்ணுக்காகக் காத்திருப்பது தனிக் கொடுமை. நாமே போய் இழுத்து ரெஃப்ரெஷ் செய்தால் வரும், அல்லது எண் காலாவதியான பிறகு சாவகாசமாக வரும்.

நியாயமாகப் பேச வேண்டுமென்றால், இதில் மெயில் செயலியின் குற்றம் குறைவு. ஐமேப்பில் 'ஐடில்' என்று ஒரு ஏற்பாடு 1997-லிருந்தே இருக்கிறது. போன் சர்வரோடு ஒரு இணைப்பைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்கும். புது மெயில் விழுந்ததும் சர்வர் அந்த இணைப்பிலேயே சொல்லிவிடும். பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை போய்க் கதவைத் தட்ட வேண்டியதில்லை. ஆனால் அந்த இணைப்பு உயிரோடு இருக்க வேண்டும். அரை மணி நேரம் சத்தமில்லாமல் இருந்தால் சர்வர் இணைப்பைத் துண்டிக்கலாம் என்பதால், 29 நிமிடத்துக்குள் ஒரு முறையாவது செயலி 'இன்னும் இருக்கிறேன்' என்று புதுப்பிக்க வேண்டும் என்பது விதி. மொபைல் நெட்வொர்க்குகள் அவ்வளவு பொறுமையும் காட்டுவதில்லை, பேச்சில்லாத இணைப்பை அதற்கு முன்பே சொல்லாமல் கொள்ளாமல் கழற்றிவிடும்.

போதாக்குறைக்கு ஆண்ட்ராய்டு. 2015-ல் வந்த 6.0 பதிப்பில் 'டோஸ்' என்ற தூக்கத்தைக் கொண்டுவந்தார்கள். சார்ஜரில் இல்லாமல், திரை அணைந்து, அசையாமல் போன் கிடந்தால் செயலிகளுக்கு இணையம் நிறுத்தப்படும். இடையிடையே கொஞ்ச நேரம் திறந்துவிடுவார்கள், நேரம் போகப்போக அந்த இடைவெளியும் நீண்டுகொண்டே போகும். அடுத்த ஆண்டு வந்த 7.0, போன் பாக்கெட்டில் அசைந்துகொண்டிருந்தாலும் ஓரளவு தூங்க வைத்தது. 2018-ல் 9-ஆம் பதிப்பு, எந்தச் செயலியை எவ்வளவு அடிக்கடி திறக்கிறோம் என்று பார்த்து வகை பிரித்து, அரிதாகத் திறப்பதை இன்னும் இறுக்கியது. காரணம் புரிகிறது. அந்தக் காலத்தில் ஒவ்வொரு செயலியும் இஷ்டத்துக்கு விழித்துக்கொண்டு பேட்டரியைக் காலி செய்ததை நாமும் பார்த்தோம்தானே. ஆனால் ஒரு மெயில் செயலியை நான் அரிதாகத் திறக்கிறேன் என்றால், மெயில் வந்தால் அது சொல்லும் என்று நம்பித் திறக்காமல் இருக்கிறேன் என்று அர்த்தம். அந்த நம்பிக்கையையே காரணமாக வைத்து அதன் வாயைக் கட்டினால் என்ன செய்வது?

அப்படியானால் ஜிமெயில் செயலிக்கு மட்டும் ஜிமெயில் உடனே வருகிறதே என்று கேட்கலாம். அது தனக்கென்று இணைப்பு வைத்துக்கொண்டு காத்திருப்பதில்லை. கூகுள் சேவைகள் உள்ள போனில் எல்லாச் செயலிகளுக்கும் பொதுவாக ஒரே ஒரு தகவல் இணைப்பு திறந்திருக்கும். அவசரம் என்று குறித்து அதில் வரும் செய்தி, தூங்கும் போனையும் எழுப்பிவிடும். அதில் செய்தி அனுப்ப, மெயில் நிறுவனத்தின் சர்வர் பக்கமும் அதற்கான ஏற்பாடு வேண்டும். சாதாரண ஐமேப் சர்வருக்கு உங்கள் போன் என்று ஒன்று இருப்பதே தெரியாது. அதே ஜிமெயில் செயலியில் வேறு நிறுவனத்தின் ஐமேப் கணக்கைச் சேர்த்துப் பாருங்கள், அந்தக் கணக்குக்கு 15 நிமிடம், அரை மணி என்று இடைவெளியைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும். அவுட்லுக் செயலி இதற்கு வேறு வழி வைத்திருக்கிறது: ஐமேப் கணக்காக இருந்தாலும் மெயிலை மைக்ரோசாஃப்டின் கிளவுட் வழியாகத்தான் கொண்டுவருகிறது. வேகமாக வரும். ஆனால் உங்கள் மெயில் மூன்றாவது ஒருவர் வீட்டு வழியாகப் போய்வருகிறது என்பதற்குச் சம்மதிக்க வேண்டும். எனக்குச் சம்மதமில்லை. உங்களுக்கு இருந்தால் தாராளமாகப் போடுங்கள்.

ஐபோன்காரர்கள் சிரிக்க வேண்டாம். அங்கே உள்ள மெயில் செயலியில் ஜிமெயில் கணக்குக்கு, மெயில் விழுந்ததும் சர்வரே சொல்லும் 'புஷ்' கிடையாது, போனே அவ்வப்போது போய்க் கேட்கும் 'ஃபெட்ச்' மட்டும்தான். அதிலும் 'தானாக' என்ற தேர்வை வைத்திருந்தால், போன் சார்ஜரிலும் வைஃபையிலும் இருக்கும்போதுதான் பின்னணியில் மெயில் எடுக்கும்.

தண்டர்பேர்டு தன்னால் முடிந்ததைச் செய்கிறது. புஷ் போட்டதும், பின்னணியில் ஓடுகிறேன் என்று ஒரு நிலையான நோட்டிபிகேஷனை மேலே வைக்கிறது. அப்படி வெளிப்படையாகச் சொல்லிவிட்டு ஓடும் செயலியை ஆண்ட்ராய்டு சீக்கிரம் கொல்லாது. அந்த வரி கண்ணை உறுத்தினால் அதை மட்டும் மறைத்துக்கொள்ளலாம். எந்த ஃபோல்டருக்குப் புஷ் வேண்டும் என்று தனித்தனியாகத் தேர்ந்தெடுக்கவும் முடிகிறது. இது அலங்காரத்துக்கு வைத்த வசதி இல்லை. ஒரு ஐடில் இணைப்பு ஒரு ஃபோல்டரை மட்டும்தான் கவனிக்கும். சர்வரில் வடிகட்டி போட்டு வேலை மெயில்களைத் தனி ஃபோல்டருக்குத் தள்ளியிருந்தால், இன்பாக்ஸை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கும் செயலிக்கு அவை வந்ததே தெரியாது.

ஆக, செயலியும் ஒழுங்கு, ஆண்ட்ராய்டிலும் ஒரு நியாயம் உண்டு. என் கோபமெல்லாம் மூன்றாவது ஆள் மீது. போன் தயாரித்தவர்கள் ஆண்ட்ராய்டின் தூக்கம் போதாதென்று தங்கள் பங்குக்கு ஒரு பேட்டரி மேலாளரைச் சேர்த்திருக்கிறார்கள். செட்டிங்ஸில் ஆப்ஸ், அதில் தண்டர்பேர்டு, அதில் பேட்டரி, அங்கே 'அன்ரெஸ்ட்ரிக்டட்', அதாவது கட்டுப்பாடு வேண்டாம் என்ற தேர்வு. இது இப்போதைய பெரும்பாலான போன்களில் உள்ளது. என் போனில் அது போதாது. 'தானாகத் தொடங்க அனுமதி' வேறொரு மூலையில். 'தூங்கும் செயலிகள்' பட்டியல் இன்னொரு மூலையில். அண்மையில் திறந்த செயலிகளில் பூட்டுச் சின்னம் போடுவது தனி. நாலையும் செய்தால் மெயில் சொன்ன நேரத்துக்கு வருகிறது, அதை மறுக்க மாட்டேன். பேட்டரியும் அப்படியொன்றும் ஓடிவிடவில்லை. ஆனால் சிஸ்டம் அப்டேட் வந்தால் நாலில் ஏதாவது ஒன்று பழைய நிலைக்குப் போயிருக்கும். எது என்று சொல்லாது, நாம்தான் தேட வேண்டும். போனின் சொந்தக்காரர் தெளிவாக 'இதைத் தொடாதே' என்று சொன்ன பிறகும் தொடுவதற்கு யார் உரிமை கொடுத்தது?

சரியாக இருக்கிறதா என்று பார்க்க வழி ஒன்றுதான். சார்ஜரைக் கழற்றிவிட்டு, திரையை அணைத்து, போனை ஒரு மணி நேரம் தொடாமல் விடுங்கள். வேறு கணக்கிலிருந்து மெயில் அனுப்பச் சொல்லுங்கள். கையில் வைத்துக்கொண்டு செய்யும் சோதனை எதையும் நிரூபிக்காது.

இன்னொரு சின்ன விஷயம், எரிச்சல் கணக்கில் சேராது. அனுப்பிய மெயில் இரண்டு இரண்டாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். ஜிமெயில் போன்ற சில சர்வர்கள் அனுப்பியதன் நகலைத் தாங்களே வைத்துக்கொள்ளும், செயலியும் தன் பங்குக்கு ஒன்றை ஏற்றிவிடும். கணக்கு அமைப்பில் அனுப்பிய மெயிலைச் சர்வரில் ஏற்றும் தேர்வை அணைத்தால் சரியாகிவிடும். அப்புறம், இது மெயிலுக்கு மட்டுமான செயலி. நாள்காட்டியும் தொடர்பு எண்களும் ஐமேப் வழியாக வராது.

மதிப்பெண் போடச் சொன்னால் செயலிக்கு ஐந்துக்கு நாலரை தருவேன். கணக்குகளைக் கலக்காமல் காட்டுகிறது, விளம்பரம் இல்லை, மெயிலை எட்டிப் பார்ப்பதில்லை. நான் வேறெதற்கும் மாறப் போவதும் இல்லை. ஆனால் புதுப் போன் வாங்கிய நண்பர் ஒருவர் போன வாரம், "நீங்க வச்சிருக்கிறதையே நானும் போட்டுக்கறேன்" என்றபோது, வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவருடையதும் என் போன் கம்பெனிதான், அந்த நாலு மூலைக்கும் அவரை அலைய விட மனசு வரவில்லை. அவருக்கு இருப்பது ஒரே ஒரு கணக்கு. அந்த மெயில் நிறுவனத்தின் சொந்தச் செயலியையே போடச் சொன்னேன், போட்டுவிட்டார். இன்பாக்ஸ் நடுவில் விளம்பரம் வருகிறது என்று இப்போது புலம்புகிறார். வந்தால் என்ன, மெயிலும் வருகிறதே.