டீம் டின்னருக்கு ‘வரவில்லை’ என்று சொல்ல எது வசதி? அவுட்லுக், கூகுள் காலண்டர், வாட்ஸ்அப் வாக்கெடுப்பு

சென்னை ஓஎம்ஆர் பக்கத்து ஐடி அலுவலகங்களில் டீம் டின்னர் என்றால் பெரும்பாலும் வெள்ளிக்கிழமை இரவு, பஃபே, தலைக்கு இவ்வளவு என்று காசு. ஏற்பாடு செய்பவர் உணவகத்துக்கு முன்கூட்டியே எண்ணிக்கை சொல்ல வேண்டும். திரும்பி வர கேப் வேண்டுமென்றால் அதற்கும் பெயர்ப் பட்டியல் கொடுக்க வேண்டும். வர இயலாதவர் அவருக்குச் செய்யக்கூடிய பெரிய உதவி, அந்தக் கணக்கு முடிவதற்குள் தெளிவாகச் சொல்லிவிடுவதுதான். இந்த ஒரு வேலைக்கு மட்டும் மூன்று கருவிகளையும் எடைபோட்டால் அவுட்லுக் முதலிடம், கூகுள் காலண்டர் அடுத்தது. வாட்ஸ்அப் ‘போல்’ (குரூப்பில் நடத்தும் வாக்கெடுப்பு) இதற்கு ஏற்றதே இல்லை.

அவுட்லுக்கை முதலில் வைக்கக் காரணம், மறுப்போடு எழுதும் குறிப்பு ஏற்பாட்டாளருக்கு மட்டும் மின்னஞ்சலாகப் போகிறது. கூட்டத்துக்கே படித்துக் காட்டியது போல ஆகாது. பழைய டெஸ்க்டாப் அவுட்லுக்கில் ‘டிக்ளைன்’ பொத்தானை அழுத்தினால் மூன்று வழிகள் விரியும்: பதிலைத் திருத்தி அனுப்பு, இப்போதே அனுப்பு, பதில் அனுப்பாதே. எப்போதும் முதல் வழிதான். இரண்டாவதில் வெறும் ‘டிக்ளைன்ட்’ என்று ஒரு வரி போய் நிற்கும். அதைப் படிப்பவருக்குக் கோபமா, வேலையா என்று புரியாது. மூன்றாவதுதான் ஆபத்து. உங்கள் காலண்டரிலிருந்து டின்னர் மறைந்துவிடும், ஏற்பாட்டாளருக்கோ எந்த மின்னஞ்சலும் போகாது. அவர் கவனிக்காமல் உங்களுக்கும் ஒரு தட்டு போட்டு வைக்கக்கூடும். புதிய அவுட்லுக்கில் குறிப்புப் பெட்டியும், ஏற்பாட்டாளருக்கு மின்னஞ்சல் அனுப்பும் சுவிட்சும் இருக்கும்; அந்த சுவிட்சை அணைத்தால் அதே சிக்கல்தான். இன்னொன்று: அழைப்பை அனுப்பியவர் பதில் கோரும் வசதியை அணைத்திருந்தால் உங்கள் மறுப்பு அவருக்கு வந்து சேராது. அப்போது தனியாகச் செய்தி அனுப்புவது தவிர வழியில்லை.

கூகுள் காலண்டரில் யெஸ், நோ, மேபீ மூன்றும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கின்றன. அந்த வேகமே குறை. ஜிமெயிலில் வந்த அழைப்பிலேயே ‘நோ’ அழுத்தினால் ஒரு சொல்கூட இல்லாமல் மறுப்பு போய்விடும். காலண்டருக்குள் நிகழ்வைத் திறந்து, குறிப்பு சேர்த்து, பிறகு ‘நோ’ சொல்லுங்கள். ஏற்பாட்டாளருக்குப் போகும் மின்னஞ்சலில் அந்தக் குறிப்பும் சேர்ந்து போகும். ஆனால் விருந்தினர் பட்டியலைப் பார்க்க அனுமதி உள்ள எல்லோருக்கும் உங்கள் பெயருக்குக் கீழே அதே குறிப்பு தெரியும். பெரும்பாலான அழைப்புகளில் பட்டியல் திறந்தேதான் இருக்கும். அதனால் அங்கே நன்றியும் ‘வர இயலவில்லை’யும் போதும். வீட்டு விஷயம், உடம்பு, காசு எதுவும் வேண்டாம்.

மாதாமாதம் திரும்பி வரும் டின்னர் என்றால் ஒரு நாளுக்கு மட்டுமா, எல்லாவற்றுக்குமா என்று காலண்டர் கேட்கும். அவசரத்தில் ‘எல்லாம்’ என்று தேர்ந்தெடுத்தால் வருடம் முழுக்க வரமாட்டேன் என்று அறிவித்தது போல ஆகிவிடும்.

கூகுள் காலண்டரின் அலுவலகக் கணக்குகளில் ‘அவுட் ஆஃப் ஆஃபீஸ்’ என்றொரு வசதி உண்டு. அந்த நேரத்துக்கு வரும் அழைப்புகளைத் தானாகவே மறுத்துவிடும். மாலை 6 மணிக்கு மேல் தினமும் இதைப் போட்டு வைத்தால் தொல்லை விட்டது என்று சிலர் நினைப்பதுண்டு. செய்யாதீர்கள். டின்னரையும் அமெரிக்க கிளையண்ட் அழைப்பையும் அதற்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. புதிய அழைப்புகளோடு ஏற்கெனவே உள்ளவற்றையும் மறுக்கும்படி வைத்துவிட்டால் முன்பு ஒத்துக்கொண்ட கூட்டங்களும் போய்விடும். வேலை நேரத்தைக் குறித்து வைக்கும் வசதி இதைவிட நல்லது: அது எதையும் மறுக்காது, அழைப்பவருக்கு ‘இது அவருடைய வேலை நேரத்துக்கு வெளியே’ என்று காட்டுவதோடு நிற்கும்.

வாட்ஸ்அப் ‘போல்’ வசதி 2022இல் வந்தது. 12 தேர்வுகள் வரை வைக்கலாம். ஆனாலும் டீம் குரூப்பில் போடும் போலில் ‘வெள்ளி, சனி’ என்று இரண்டு நாள்தான் இருக்கும், ‘வரவில்லை’ இருக்காது. வாக்களிக்காமல் இருந்தால் இன்னும் பார்க்கவில்லை என்று நினைத்து நினைவூட்டல் வரும். ‘வரவில்லை’ இருந்தாலும் யார் எதைத் தேர்ந்தார்கள் என்பது குரூப்புக்கே தெரியும். உடனே ‘ஏன்ப்பா, என்னாச்சு?’ என்று பத்துப் பேர் கேட்பார்கள். போலைத் தொடாமல் ஏற்பாட்டாளருக்குத் தனியாக எழுதுங்கள். ஏற்பாடு செய்பவர் நீங்களே என்றால், தயவுசெய்து மூன்றாவது தேர்வாக ‘இந்த முறை இல்லை’ என்று சேர்த்துவிடுங்கள். கூச்சப்படுகிறவர்களுக்கு அது பெரிய நிம்மதி.

எந்தக் கருவியானாலும் எழுதும் வரிதான் வேலையைச் செய்கிறது. இப்படி எழுதலாம்: ‘கூப்பிட்டதுக்கு நன்றி. வெள்ளிக்கிழமை டின்னருக்கு வர முடியாது, கணக்குல என்னைச் சேர்க்க வேண்டாம். மதியம் எங்கயாவது சேர்ந்து சாப்பிடப் போனா சொல்லுங்க, வரேன்.’ நடு வரி முக்கியம்; எண்ணிக்கை எடுப்பவருக்கு வேண்டிய தகவல் அதில்தான் இருக்கிறது. கடைசி வரி மனதில் இருந்தால் மட்டும் எழுதுங்கள், எழுதினால் அடுத்த மதியச் சாப்பாட்டுக்குப் போய்விடுங்கள்.

‘ட்ரை பண்றேன்’ என்பதும் ‘மேபீ’யும் வேண்டாம். இரண்டையும் ஏற்பாட்டாளர் ‘வருகிறார்’ என்றே எண்ணுவார், காசும் அப்படியே போகும். காரணத்தை நீட்டினாலும் சிக்கல். ‘வீடு தூரம்’ என்றால் ‘நான் பைக்கில் விடுகிறேன்’ என்பார், ‘நேரமாகும்’ என்றால் ‘9 மணிக்கே கிளம்பிடலாம்’ என்பார். அவர் அன்பாகத்தான் சொல்கிறார். ஆனால் ஒவ்வொரு காரணத்துக்கும் தீர்வு வந்துவிட்டால் மறுக்க வேறு வார்த்தை இருக்காது. ‘அன்றைக்கு வேறு வேலை இருக்கிறது’ என்று நிறுத்திக்கொள்ளுங்கள். பொய்க் காரணம் மட்டும் கூடவே கூடாது. சிறிய டீமில் திங்கட்கிழமைக்குள் வெளியே வந்துவிடும்.

ஃபேர்வெல் டின்னருக்கு மட்டும் எந்தப் பொத்தானும் போதாது. வேலையை விட்டுப் போகிறவரிடம் அன்று மாலைக்கு முன்பே நேரில் போய்ச் சொல்ல வேண்டும். முடிந்தால் ஒரு டீ குடிக்கக் கூட்டிப் போங்கள். பரிசுக்கான பங்கை ஏற்பாட்டாளருக்கு முதலிலேயே ஜிபேயில் அனுப்பிவிடுங்கள். டின்னருக்கு வராததால் பரிசிலும் பங்கு இல்லையோ என்று அவர் தயங்கிக் கேட்கும் நிலை வரக்கூடாது.