ஸ்பீடு சலான் வழக்குக்கு ராமநாதபுரம் வக்கீல்: என் அனுபவம்

மண்டபம் பக்கம் ஓவர் ஸ்பீடு என்று என் வண்டிக்கு இ-சலான் வந்தது, போட்டோவில் நம்பர் பிளேட்டே தெரியவில்லை, எவ்வளவு வேகம் என்ற அளவும் இல்லை. எல்லாரும் கட்டிவிட்டுப் போகச் சொன்னார்கள். கோர்ட் பக்கத்தில் இருக்கும் இந்த வக்கீலிடம் போனேன். "தம்பி, பணத்தைக் கட்டிட்டா ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும், அப்புறம் வாதாட வழி கிடையாது, முதல்ல பேப்பரக் குடுங்க" என்றார்.

அவர் பிடித்தது மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021-இல் வந்த 167ஏ விதியை. கேமரா சலான் என்றால் தெளிவான போட்டோ, கருவி காட்டிய வேகம், தேதி, நேரம், இடம் எல்லாம் இருக்க வேண்டும், கருவிக்கு வருடா வருடம் புதுப்பித்த சான்றிதழ் வேண்டும், கேமரா இருப்பதாக முன்கூட்டியே போர்டும் வைத்திருக்க வேண்டுமாம். இதையெல்லாம் எனக்குப் புரியும்படி பொறுமையாகச் சொன்னார், அதற்கே நன்றி சொல்ல வேண்டும். மாஜிஸ்திரேட் முன்னால் சுருக்கமாகப் பேசினார், சலான் தள்ளுபடி ஆனது.

கார் மாதிரி வண்டிக்குச் சட்டப்படி அபராதம் 1,000 முதல் 2,000 வரைதான், வக்கீல் ஃபீஸும் அலைச்சலும் சேர்த்தால் சிலருக்குக் கட்டுப்படியாகாது. நிஜமாகவே வேகமாகப் போயிருந்தால் கட்டிவிடுங்கள், பாம்பன் ரோட்டில் நடந்து போகிறவர்களும் மீன் கூடைக்காரர்களும் இருக்கிறார்கள். தவறான சலான் என்றால் தாராளமாக இவரிடம் போகலாம். காலையில் கோர்ட்டில் இருப்பார், போன் எடுக்க மாட்டார், சாயங்காலம் போங்கள்.