தாய் சொன்ன கதை, தானே சொன்ன கதை

ஆட்டிசம் பற்றி முதலில் யார் எழுதியதை வாசிப்பது? பெற்றோரா, ஆட்டிசம் உள்ளவரா?

அமெரிக்காவில் 1967-இல் கிளாரா கிளைபோர்ன் பார்க் என்ற தாய், ஆட்டிசம் உள்ள தன் மகளைப் பற்றிப் புத்தகம் எழுதினார். ஆட்டிசத்துக்குத் தாயின் பாசக்குறைவுதான் காரணம் என்று, அன்று பிரபல உளவியலாளராக இருந்த புரூனோ பெட்டல்ஹைம் போன்றவர்கள் அடித்துச் சொன்ன காலம் அது. அந்தப் பழிக்குப் பதில் சொல்ல ஒரு தாய்தான் வேண்டியிருந்தது. ஆனால் மகளை நாம் வெளியே நின்றுதான் பார்க்கிறோம்.

ஆட்டிசம் உள்ள டெம்பிள் கிராண்டின் 1986-இல் தன் கதையைத் தானே புத்தகமாகச் சொன்னார். யாராவது கட்டிப்பிடித்தால் அவருக்குத் தாங்காது. ஆனால் உடம்புக்கு அழுத்தம் வேண்டும். ஊசி போட மாடுகளை நெருக்கி நிறுத்தும் கூண்டைப் பார்த்தவர், பதினெட்டு வயதில் தனக்கும் அப்படி ஒன்றைச் செய்துகொண்டார். நெருக்கும் விசை அவர் கையில்! வேறு யார் எழுதியிருந்தாலும் இதை விநோதப் பழக்கம் என்று இரண்டு வரியில் கடந்திருப்பார்கள்.

ஒரு சிக்கல் உண்டு. கிராண்டின் பேராசிரியர் ஆனவர். அவரைக் காட்டி, "உன் பிள்ளை ஏன் இப்படி இல்லை?" என்று கேட்கச் சொந்தக்காரர்கள் தயாராக இருப்பார்கள்.

சரி, என் தேர்வு கிராண்டின்தான். வீட்டில் இன்னும் பேச்சு வராத பிள்ளை இருந்தால் மட்டும் கிளாரா பார்க்கின் புத்தகத்திலிருந்து தொடங்குங்கள்.