வெள்ளை விளக்கா, மஞ்சள் விளக்கா: பொழுது சாய்ந்தபின் வீட்டுக்கு எது?

சுவருக்கு நிறம் தேர்ந்தெடுக்க வாரக்கணக்கில் யோசிக்கிறோம். சோபா வாங்க நான்கு கடை ஏறி இறங்குகிறோம். பல்பை மட்டும் மளிகைச் சாமானோடு சேர்த்து வாங்கிவிடுகிறோம். ஆனால் அந்தச் சுவர் இரவில் என்ன நிறமாகத் தெரியும், பத்து மணிக்குக் கண் சொக்குமா என்பதிலெல்லாம் பல்புக்குப் பெரிய பங்கு இருக்கிறது.

கடையில் முக்கியமாகக் கிடைப்பவை இரண்டு. பெட்டியில் ‘கூல் டேலைட்’, 6500 கெல்வின் (ஒளியின் நிறத்தைக் குறிக்கும் அலகு; எண் ஏற ஏற வெண்மை கூடும்) என்று போட்டிருப்பது வெள்ளை. ‘வார்ம் வைட்’, 2700 அல்லது 3000 கெல்வின் என்று போட்டிருப்பது மஞ்சள். அகல் சுடரோ மெழுகுவத்தியோ 2000 கெல்வினுக்குச் சற்றுக் குறைவு, பழைய குண்டு பல்பு 2700, மேகம் மூடிய பகல் வானம் ஏறத்தாழ 6500. அதாவது வெள்ளை எல்.இ.டி. போட்ட கூடத்தில் இரவு ஒன்பது மணிக்கும் விளக்கின் நிறம் பகலின் நிறம்தான்.

நம் வீடுகள் வெள்ளையை விரும்புவதற்குக் காரணம் உண்டு. குறைந்த மின்னழுத்தத்தில் அழுது வடிந்த குண்டு பல்பைப் பார்த்து வளர்ந்த தலைமுறைக்கு, டியூப்லைட் வந்த நாள் வீட்டுக்கு வெளிச்சம் வந்த நாள். மஞ்சள் என்றால் இல்லாமை, வெள்ளை என்றால் முன்னேற்றம். அதோடு, மே மாத வெக்கையில் வெள்ளை ஒளி கண்ணுக்குக் குளிர்ச்சியாகவும் தோன்றுகிறது. இந்த விருப்பத்தை ரசனைக் குறைவு என்று பேசும் உள் அலங்காரக்காரர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

ஆனால் உடம்புக்கு வேறு கணக்கு இருக்கிறது. விழித்திரையில் பார்வைக்கான செல்கள் தவிர, ஒளியைத் தாமே உணர்ந்து மூளையின் கடிகாரத்துக்குச் செய்தி அனுப்பும் நரம்பு செல்களும் உண்டு என்று 2002-இல் நரம்பியல் ஆய்வாளர் டேவிட் பெர்சன் குழுவினர் காட்டினார்கள். 480 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய நீல ஒளிக்குத்தான் இவை மிகுதியாகத் துடிக்கின்றன. அந்தச் செய்தி போனால் தூக்கத்தை அழைத்துவரும் மெலட்டோனின் சுரப்பது தள்ளிப்போகிறது. ஒரே அளவு வெளிச்சத்தில், மஞ்சள் எல்.இ.டி. இந்தச் செல்களைத் தூண்டுவது வெள்ளையில் ஏறத்தாழ பாதிதான். தூக்கம் தள்ளிப்போனால் மறுநாள் காலையின் சிடுசிடுப்பு தானாக வந்து சேரும்.

இங்கே பலர் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். பாதி என்றால் பூஜ்யம் இல்லை. கூரை முழுக்கப் பன்னிரண்டு மஞ்சள் விளக்குகளைப் பதித்து அத்தனையையும் எரியவிட்டால், ஓர் ஓரத்தில் எரியும் சின்ன வெள்ளை விளக்கைவிட அது தூக்கத்தை அதிகம் கெடுக்கும். நிறத்தோடு அளவும் உயரமும் சேர வேண்டும். தலைக்கு மேலிருந்து நேரே கண்ணில் விழும் ஒளியைவிட, சுவரில் பட்டுத் திரும்பும் ஒளி இதமானது. எத்தனை அழகான மேற்கூரை வேலைப்பாடு செய்தாலும், ஒரு மூலையில் வைத்த மேஜை விளக்கின் அமைதியை அது தருவதில்லை என்பது என் அனுபவம்.

இந்தப் படிப்பையெல்லாம் நம்பி, எங்கள் வீட்டில் ஒரே நாளில் எல்லா அறையிலும் மஞ்சளுக்கு மாறினேன். மூன்றாம் நாள் அம்மா மாத்திரை அட்டைகளை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். வெளிர்மஞ்சள் மாத்திரை எது, வெள்ளை மாத்திரை எது என்று உள்ளே தெரியவில்லையாம். அன்றுதான் உறைத்தது. வயதாக ஆகக் கண்ணின் வில்லை மஞ்சளாகிறது, கண்மணியும் சுருங்குகிறது. எழுபது வயதுக் கண்ணுக்குள் போகும் ஒளி இருபது வயதுக் கண்ணுக்குப் போவதில் சிறு பங்குதான். அவர்களுக்கு மங்கலான மஞ்சள் அறை அமைதியைத் தராது. தடுமாற்றத்தையும், தன்னால் முடியவில்லையே என்ற சோர்வையும்தான் தரும். மாத்திரைப் பெட்டி, படிக்கும் நாற்காலி, குளியலறை, இம்மூன்றிலும் பெரியவர்களுக்கு நல்ல வெளிச்சம் வேண்டும். அதில் நான் இனி விட்டுக்கொடுக்க மாட்டேன்.

சமையலறைக்கும் பிள்ளைகள் படிக்கும் மேஜைக்கும் வெள்ளையே சரி; இரண்டுக்கும் இடைப்பட்ட 4000 கெல்வின் இன்னும் நல்லது. சாப்பிடும் இடத்தில் வேறொரு எண்ணைப் பாருங்கள்: சி.ஆர்.ஐ., அதாவது விளக்கு நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதன் அளவு. பட்டுப் புடவையைக் கடை வாசலுக்கு எடுத்துப்போய் வெயிலில் நிறம் பார்க்கிறோமே, அந்தத் தேவையைக் குறிக்கும் எண் அது. வெயிலுக்கு 100. சாதாரண எல்.இ.டி.க்கு 80 அளவில் இருக்கும். சிவப்பு அதில் சோகை பிடித்ததுபோல் தெரியும். 90-க்கு மேல் உள்ளதைப் போட்டால் தக்காளி ரசம் தக்காளி ரசமாகத் தெரியும்.

கூடத்துக்கும் படுக்கையறைக்கும் என் தேர்வு மஞ்சள். புதிதாக வீடு கட்டுகிறவர்கள் ஓர் அறைக்கு இரண்டு விளக்குப் புள்ளிகள் கேட்டு வாங்குங்கள்: வேலைக்கு மேலே ஒரு வெள்ளை, ஓய்வுக்குச் சுவரில் தாழ்வாக ஒரு மஞ்சள். சுவர் பூசிய பிறகு கேட்டால் எலெக்ட்ரீஷியன் மறுபடியும் சுவரை வெட்ட வேண்டியிருக்கும். வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு, சுவிட்சை அணைத்துப் போட்டால் வெள்ளையிலிருந்து மஞ்சளுக்கு மாறும் பல்புகள் கடைகளில் கிடைக்கின்றன. இரவுச் சாப்பாடு முடிந்ததும் ஒருமுறை அணைத்துப் போட்டால் போதும்.